புறங்காட்டிய மல்லர்

1980 நவம்பர் 25ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், சூப்பர்டோம் என்னும் கூரையிட்ட பேரரங்கில் எட்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தது. சுற்று முடியப் பதினாறு வினாடிகளே எஞ்சியிருந்தன. உலகக் குத்துச்சண்டை வாகையர் ராபர்ட்டோ டுரான் அப்போது தம் எதிரிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கையுறை அணிந்த வலக்கையை அசைத்துப் போதும் என்று சைகை செய்தார். நடுவர் ஆக்டேவியோ மெய்ரானுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சண்டையைத் தொடருமாறு பணித்தார். மீண்டும் அதே கையசைப்பு. எதிரில் நின்ற ஷுகர் ரே லெனார்டு துள்ளிக் குதித்து மேடைக் கயிற்றின்மேல் ஏறினார். ஐந்து மாதங்களுக்கு முன் இழந்த பட்டம் அவரிடம் மீண்டது.

‘நோ மாஸ்’, அதாவது ‘இனி வேண்டாம்’ என்று டுரான் சொன்னதாக அன்றிரவே உலகெங்கும் செய்தி பரவிற்று. அந்த இரு சொற்களே இன்று வரை அச்சண்டையின் பெயராக நிலைத்துவிட்டன. அவற்றைத் தாம் சொல்லவேயில்லை என்று டுரான் பின்னாளில் பலமுறை மறுத்தார். அந்தக் கோமாளியோடு சண்டையிட விரும்பவில்லை என்றே கூறியதாக அவர் வாதம். இச்சிறு பூசல் நமக்கு உதவும். ஒரு வீரன் களத்தை விட்ட கதையை யார் சொல்கிறார், எப்போது சொல்கிறார் என்பதை வரலாறு படிப்போர் முதலில் கேட்க வேண்டும்.

டுரான் 1951இல் பனாமாவில் பிறந்தவர். எல் சொர்ரியோ என்னும் ஏழைமக்கள் குடியிருப்பில் வளர்ந்தவர். 1972 ஜூனில் கென் புக்கானனை வென்று இலகு எடைப் பட்டத்தைக் கைக்கொண்டார். அதனைப் பன்னிரண்டு முறை காத்து, 1979இல் தாமே துறந்து மேல் எடைப் பிரிவுக்குச் சென்றார். நியூ ஆர்லியன்ஸ் மேடையில் ஏறியபோது அவர் கணக்கில் எழுபத்திரண்டு வெற்றிகள், ஒரே ஒரு தோல்வி. ‘கல்லின் கைகள்’ என்று அவர் கைகளை அழைத்தனர். இத்தகைய ஒருவர், விழாமலும் இரத்தம் சிந்தாமலும், புள்ளிகளில் இரண்டோ ஒன்றோ மட்டும் பின்தங்கியிருந்த நிலையில் ஏன் விலகினார்? ஏழு சுற்றுகளின் முடிவில் நடுவர்கள் மூவரும் இட்ட புள்ளிகள் 68-66, 68-66, 67-66. எட்டாம் சுற்றுக்குப் பின் இன்னும் ஏழு சுற்றுகள் இருந்தன. ஒரே குத்தில் நிலைமை மாறக்கூடிய அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது.

வயிற்றுப் பிடிப்பு என்பது அவர் தரப்பு சொன்ன முதல் காரணம். எடை பார்த்து முடிந்ததும் பட்டினி கிடந்த வயிறு புடைக்க உண்டதால் வந்த வலி என்றனர். ஜூன் வெற்றிக்குப் பின் அவர் விருந்திலும் களியாட்டிலும் மூழ்கி மிகப் பருத்துவிட்டார் என்பதும், ஐந்தே மாதத்தில் மறுபோட்டிக்கு ஒப்பந்தமானதால் அத்தனை எடையையும் விரைந்து குறைக்க நேர்ந்தது என்பதும் அவரே மறுக்காத செய்திகள். ஆகவே வயிற்றுவலியைப் பொய் என்று தள்ளிவிட நான் துணியவில்லை. எனினும் வயிற்றுவலியோடு பதினைந்து சுற்று நின்ற வீரர்கள் பலர் உண்டு. வலி, விலகுவதற்கு ஒரு வாய்ப்பைத் தரும். விலகும் எண்ணத்தை அதுவே தந்துவிடுமா?

அச்சம் என்று சொன்னோரும் உளர். அது பொருந்தாது என்பதற்கு டுரானின் வாழ்விலேயே சான்று இருக்கிறது. 1972 நவம்பரில் எஸ்தபான் தெ ஹெசூஸ் என்பவர் அவரை முதற்சுற்றிலேயே வீழ்த்தி, முடிவில் புள்ளிகளிலும் வென்றார். அதுதான் மேலே கூறிய ஒரே தோல்வி. 1974 மார்ச்சில் பனாமாவில் மறுபோட்டி. அதிலும் முதற்சுற்றிலேயே டுரான் தரையில் விழுந்தார்! சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில், முன்னர்த் தம்மை வென்றவன் கையால், முன்போலவே விழுந்த மனிதர் எழுந்து நின்று பதினோராம் சுற்றில் எதிரியைச் சாய்த்தார். மறுபோட்டியில் விழுந்தும் விலகாத இவர், ஆறாண்டுகளுக்குப் பின் ஒரு மறுபோட்டியில் விழாமலே விலகினார்.

இரண்டுக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. 1974இல் அவர் தோற்றவராக மறுகளம் புகுந்தார். 1980இல் வென்றவராகப் புகுந்தார். என் கருத்தில் விடை இங்கேதான் கிடக்கிறது. முதற்போட்டி தோற்றவனுக்கு ஆசிரியனாகிறது; வென்றவனுக்குத் தன் உருவத்தைக் காட்டும் கண்ணாடியாகிறது. தோற்றவன் எங்கே இடறினோம் என்று நாளெல்லாம் எண்ணுகிறான். வென்றவனோ எதிரியை அறிந்துவிட்டோம் என்று அமைகிறான். மறுகளத்தில் வந்து நிற்பது தான் அறிந்த அந்த எதிரி அல்லன் என்று காணும்போது, வென்றவனிடம் மாற்று வழி ஒன்றும் இருப்பதில்லை.

லெனார்டு 1976 ஒலிம்பிக்கில் மொன்றியால் நகரில் தங்கம் வென்றவர். அதே மொன்றியாலில் 1980 ஜூன் 20ஆம் நாள் முதற்போட்டி நிகழ்ந்தது. போட்டிக்கு முந்திய நாள்களில் டுரான் அவரை ஏசினார். அவர் மனைவியையும் விட்டுவைக்கவில்லை. சினமூட்டப்பட்ட லெனார்டு, தம் இயல்பான கால்வித்தையை மறந்து, டுரானோடு நெஞ்சுக்கு நெஞ்சாக நின்று குத்தினார். அது டுரானின் கலை. பதினைந்து சுற்றும் முடிந்து மூன்று நடுவர்களும் டுரானுக்கே தீர்ப்பளித்தனர். வேறுபாடு ஒன்று இரண்டு புள்ளிகளே. எதிரியின் சண்டையைத் தாம் சண்டையிட்டதே தோல்விக்குக் காரணம் என்று லெனார்டு பின்னர் ஒப்புக்கொண்டார்.

நவம்பரில் வந்தவர் வேறு லெனார்டு. நில்லாமல் சுற்றினார், குத்தி விலகினார், கயிற்றோரம் மடக்க வந்தால் திரும்பி நழுவினார். ஏழாம் சுற்றில் கேலி தொடங்கிற்று. முகவாயை நீட்டிக் காட்டி, ‘அடி பார்ப்போம்’ என்பதுபோல் நின்றார். வலக்கையைச் சக்கரமாய்ச் சுழற்றி எல்லோர் கண்ணையும் அதன்மேல் நிறுத்திவிட்டு, இடக்கையால் டுரானின் முகத்தில் குத்தினார். அரங்கமே சிரித்தது. அக்குத்தில் பெரும் வலி இருந்திருக்காது. ஆயிரக்கணக்கானோர் சிரிப்புக்கு ஆளானதுதான் அக்குத்தின் நோவு. முதற்போட்டியில் சினமூட்டி வென்றவரை, மறுபோட்டியில் நகைப்பூட்டி வென்றார் லெனார்டு.

எம் மதரஸாக்களில் ஸர்ஃபு எனும் சொல்லிலக்கணம் படிப்போர் ‘முஃபாஅலா’ என்னும் வாய்பாட்டை அறிவர். இருவர் சேர்ந்தே நிகழ்த்தக்கூடிய செயல்களுக்குரிய வாய்பாடு அது. மற்போருக்கு ‘முஸாரஆ’ என்பர். இக்கால அரபியில் குத்துச்சண்டைக்கு ‘முலாகமா’ என்பர். இரண்டும் அவ்வாய்பாட்டில் அமைந்த சொற்களே. ஒருவன் மட்டும் அடித்தால் அச்சொல் பொருந்தாது; மற்றவனும் அச்செயலில் பங்கு கொள்ள வேண்டும். டுரான் அன்று கண்டது அதைத்தான் போலும். தமக்கு எதிரே முலாகமா செய்ய ஆளில்லை; ஆடுகிறவன் ஒருவன் இருக்கிறான், அவ்வளவே. ‘கோமாளியோடு சண்டையிட விரும்பவில்லை’ என்று தாம் கூறியதாக அவர் சொல்வது சாக்காகவே இருக்கட்டும். அச்சாக்கில் அவர் மனநிலை வெளிப்பட்டுவிடுகிறது.

நம் வடசென்னைக் குத்துச்சண்டை வாத்தியார்களிடம் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் விடை தந்திருப்பர்: ரோசம். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகள் மோதிய அந்நாள்களில் ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்றே அதற்குப் பெயர். 2021இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படத்தால் இப்பெயர்கள் இளைஞர்க்கும் அறிமுகமாயின. ரோசம் இருமுனைக் கத்தி. விழுந்தவனை எழுப்புவதும் அதுவே. அடிபடாதவனை மேடையை விட்டு இறக்குவதும் அதுவே.

டுரான் முதுகு காட்டினார் என்பதுதான் அவர்மேல் விழுந்த பெரும்பழி. முதுகு பற்றிய இந்த நாணம் தமிழர்க்குப் புதியதன்று. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பைத் துளைத்து முதுகிலும் புண்ணாக்கியது. அவன் ஓடவில்லை, மார்பில் பட்ட வேலே முதுகில் வெளிப்பட்டது. எனினும் புறத்தே ஒரு புண் தோன்றிவிட்டதே என நாணி, வடக்கிருந்து உயிர் நீத்தான். அவன் பட்ட நாணத்தைக் கொண்டு அளந்தால் டுரானுக்கு மன்னிப்பே கிடையாது.

இப்படி மறுகளத்தில் முதுகு காட்டிய வெற்றியாளன் ஒருவனின் கதை எங்கள் பகுதிக்கே உரியதாக இருக்கிறது. கேளம்பாக்கத்து உப்பளங்களைக் கடந்து தெற்கே போனால் மாமல்லபுரம். மாமல்லன் என்றால் பெரிய மற்போர் வீரன். அது முதலாம் நரசிம்மவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். ஆழ்வார் பாசுரம் அவ்வூரைக் கடல்மல்லை என்கிறது. அங்குள்ள கற்றளிகளில் எவை எம்மன்னன் காலத்தவை என்பதில் அறிஞர்க்குள் வழக்கு தீரவில்லை. அது நிற்க. உலகம் முழுவதிலுமிருந்து மக்கள் வந்து பார்க்கும் ஓர் ஊருக்கு மற்போர்ப் பட்டம் பெயராக வாய்த்ததை அவ்வழியே போகும் நம்மவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கேளம்பாக்கத்திலிருந்து வடமேற்கே, வண்டலூர்ச் சாலையில் சென்று அப்பால் திரும்பினால், ஒரு பகல் நடைத் தொலைவில் மணிமங்கலம். மாமல்லன் அப்பட்டத்துக்குத் தக்கவன் என்று மெய்ப்பித்த களங்களுள் ஒன்று அது.

முதற்போட்டி அவன் தந்தை முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி வாதாபியிலிருந்து படையெடுத்து வந்தான். பல்லவர் தலைவனைக் காஞ்சியின் மதிலுக்குள் ஒளியச் செய்ததாகச் சாளுக்கியர் பக்கத்து ஐகோளைக் கல்வெட்டு பெருமை பேசும். ரவிகீர்த்தி என்னும் புலவன் யாத்த அக்கல்வெட்டு கி.பி. 634இல் பொறிக்கப்பட்டது. பல்லவர் பக்கத்துக் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரன் புள்ளலூரில் தன் பெரும் பகைவர்களை அழித்தான் என்கிறது; பகைவர் இன்னார் என்று பெயர் சொல்லவில்லை. நடுவர் தீர்ப்பு இல்லாத சண்டையில் இருவரும் வெற்றி கொண்டாடுவது இயல்பு. ஆனால் அப்போரில் பல்லவர் பெரும் நிலப்பரப்பை இழந்தனர் என்பதில் வரலாற்றாசிரியர்க்குள் பெரிதும் உடன்பாடு உண்டு.

புலிகேசி மீண்டும் வந்தான். இம்முறை எதிர்நின்றவன் மாமல்லன். பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் புலிகேசியின் முதுகைக் காணச் செய்து, அம்முதுகையே ஓர் ஏடாகக் கொண்டு ‘விஜயம்’ என்னும் சொல்லை எழுதினான் மாமல்லன் என்று கூரம் செப்பேடு உருவகமாகக் கூறுகிறது. அதன்பின் பல்லவப் படை வாதாபிக்கே சென்று அந்நகரைக் கைப்பற்றியது, கி.பி. 642 அளவில் அது நிகழ்ந்தது என்பர். வாதாபிப் பாறையிலேயே மாமல்லன் பெயரால் ஒரு கல்வெட்டு இருக்கிறது.

இச்செய்தியில் நான் தங்கி நிற்பது வேறொன்றுக்காக. ஐகோளைக் கல்வெட்டு முதற்போட்டியோடு நின்றுவிடுகிறது. மறுபோட்டி அது பொறிக்கப்பட்ட பின்னரே நடந்தது. மணிமங்கலத்தில் புலிகேசி ஏன் பின்வாங்கினான் என்பதற்குச் சாளுக்கியர் வாய்மொழி நம்மிடம் இல்லை. படை களைத்திருந்ததா, உணவு தட்டிற்றா, இளையவன் என்று எண்ணி வந்தவன் ஏமாந்தானா? செப்பேடு ஒன்றும் சொல்லாது. முதுகை மட்டும் காட்டும். அதுவும் வென்றவனின் பேரன் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேடு. களம் நீங்கியவனின் காரணம் ஏட்டில் ஏறுவதில்லை. முதுகு மட்டும் ஏறுகிறது. டுரானாவது தொலைக்காட்சிக் காலத்தில் வாழ்ந்ததால் மறுத்துப் பேச முடிந்தது. அவர் மறுப்பை எத்தனை பேர் செவிமடுத்தனர் என்பது வேறு கதை.

தன் தோல்வியைத் தானே எடுத்துச் சொன்ன மல்லர் மிக அரியர். அத்தகையோருள் ஒருவராக ருகானா நினைவுக்கு வருகிறார். குறைஷியருள் எவராலும் வீழ்த்தப்படாத மல்லர் அவர். மக்காவின் பள்ளத்தாக்கொன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு மற்போரிட்டு வீழ்ந்தார். நம்ப முடியாமல் மறுமுறையும் அழைத்தார்; மறுமுறையும் வீழ்ந்தார். இந்நிகழ்ச்சியை ஸீரா ஆசிரியர்கள் எடுத்துரைப்பர். ஹதீஸ் தொகுப்புகளில் வரும் அறிவிப்பாளர் தொடரில் குறை கண்டவர்களும் உளர். அது எவ்வாறாயினும், கதையில் ருகானா நடந்துகொண்ட முறை கவனிக்கத்தக்கது. சான்றாக நிற்க யாரும் இல்லாத இடத்தில் வீழ்ந்த அவர், தம் குலத்தாரிடம் சென்று நடந்ததைத் தாமே கூறினார். அப்போதும் அவர் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. தம்மை வென்றவரைப் பெரிய சூனியக்காரர் என்றே சொன்னார். காரணம் எப்படிச் சொன்னாலும் வீழ்ந்ததை மறைக்கவில்லை.

மறுகளத்துக்கே வாராமற் போன மல்லரும் உண்டு. அமிர்தசரசில் 1878இல் பிறந்த குலாம் முகம்மது, உலகம் காமா பயில்வான் என்று அறிந்தவர், 1910இல் தம்பி இமாம் பக்சுடன் இலண்டன் சென்றார். உயரம் போதாது என்று முதலில் அவரைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அறைகூவல் விட்டு, அமெரிக்க மல்லர் ரோலரைச் சாய்த்த பின்னரே வழி திறந்தது. செப்டம்பர் 10ஆம் நாள் போலந்து நாட்டுப் பெருமல்லர் ஸ்பிஸ்கோவுடன் போட்டி. தொடங்கிய சிறிது நேரத்தில் காமா அவரைத் தரைக்குக் கொணர்ந்துவிட்டார். அதன்பின் ஸ்பிஸ்கோ எழவேயில்லை. குப்புறக் கிடந்து, தரையை விட்டுப் பெயராமல், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். இருட்டிவிட்டதால் முடிவின்றி நிறுத்தினர். மறுபோட்டிக்குச் செப்டம்பர் 17 குறிக்கப்பட்டது. அன்று காமா வந்தார், ஸ்பிஸ்கோ வரவில்லை. பட்டயக் கச்சையும் பரிசும் காமாவுக்கே வழங்கப்பட்டன.

டுரானின் விலகலும் இதுவும் ஒன்றா? என் பார்வையில் ஸ்பிஸ்கோ முதற்போட்டியிலேயே விலகிவிட்டார். உடல் மட்டும் களத்தில் கிடந்தது. அதனால் மறுநாள் அழைப்பில் அவருக்குப் புதிதாக இழக்க ஒன்றுமில்லை. எனினும் அவர் கதை அங்கே முடியவில்லை. பதினேழு ஆண்டுகளுக்குப் பின், இடையில் உலகப் பட்டமும் பெற்றுவிட்ட ஸ்பிஸ்கோ, ஐம்பதை நெருங்கிய வயதில், கடல் கடந்து இந்தியாவுக்கே வந்தார். 1928 சனவரியில் பட்டியாலாவில், மகாராசா முன்னிலையில் மறுகளம் கூடிற்று. ஒரு நிமிடம் முழுதாகக் கழியுமுன் காமா அவரை மல்லாத்திவிட்டார். தோற்பது ஏறக்குறைய உறுதி என்று அறிந்தும் எதிரியின் நாட்டுக்கு, எதிரியின் மண்களத்துக்கு வந்து விழுந்துபோன அம்மனிதரை, 1910இன் வராமைக்காக மட்டும் நினைவுகூர்வது முறையாகுமா? காமா 1960இல் இலாகூரில் காலமானார். அவர் புகழ் பேசுவோர் பட்டியாலா வெற்றியைச் சொல்வர். தோற்க வந்தவரின் துணிவைச் சொல்வோர் குறைவு.

இனி மேடையின் மூலைக்கு வருவோம். குத்துச்சண்டையில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு மூலை உண்டு. அங்கே அவன் ஆசிரியர் நிற்பார். ‘போதும்’ என்று சொல்லும் உரிமையை மரபு அவருக்கே தந்திருக்கிறது. துணியை வீசுவார்; நடுவரிடம் சொல்வார். அவர் நிறுத்தினால் வீரனுக்கு இழுக்கில்லை. அதே சொல்லை வீரன் தன் வாயால் சொன்னால் மட்டும் உலகம் மன்னிக்காது.

1964 பிப்ரவரி 25ஆம் நாள் மயாமி கடற்கரையில் இரண்டும் ஒரே இரவில் நிகழ்ந்தன. வாகையர் சன்னி லிஸ்டனை எதிர்த்து நின்ற இளைஞர் கேசியஸ் கிளே, நான்காம் சுற்றுக்குப் பின் கண்ணில் ஏதோ பட்டு எரிச்சலால் பார்வை மங்கி, கையுறையை அறுத்துவிடுங்கள், விலகுகிறேன் என்றார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி கேட்கவில்லை. கண்ணைக் கழுவி அவரை மேடைக்குள் தள்ளிவிட்டார். ஏழாம் சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் இருக்கையிலிருந்து எழவில்லை. தோள் வலி என்றனர். அப்போது புள்ளிகள் இருவருக்கும் சமம்! விலக எண்ணியவர் உலக வாகையரானார். சில நாளில் முகம்மது அலி என்னும் பெயரை உலகம் கேட்டது. 1965 மே 25இல் மறுபோட்டி. லிஸ்டன் முதற்சுற்றிலேயே விழுந்தார். அவரை வீழ்த்திய குத்தைக் கண்டவர் சிலர், காணாதவர் பலர். அவ்வழக்கு இன்றும் ஓயவில்லை. அன்று டண்டி தள்ளிவிடாதிருந்தால், களத்தை விட்டோடியவர் என்னும் பெயர் யாருக்கு வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1975 அக்டோபர் முதல் நாள் மணிலாவில் அலியும் ஜோ பிரேசியரும் மூன்றாம் முறை மோதினர். பதினான்கு சுற்றுக்குப் பின் பிரேசியரின் கண்கள் வீங்கி மூடிவிட்டன. அவர் தொடர விரும்பினார். பயிற்சியாளர் எடி பச் விடவில்லை. பிரேசியரைக் கோழை என்று யாரும் சொன்னதில்லை. 1980இன் தொடக்கத்தில் அலி நம் சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் அவர் காட்டிய காட்சிச் சண்டையைக் காணத் திரண்ட கூட்டத்தில் முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் இருந்தார். அதே ஆண்டு அக்டோபர் 2இல் லாரி ஹோம்ஸ் கையில் அலி பத்துச் சுற்று அடிபட்டார். பத்தாம் சுற்றின் முடிவில் நிறுத்தியவர் அதே டண்டி. எட்டு வாரம் கழியுமுன் நியூ ஆர்லியன்ஸில் லெனார்டின் மூலையில் நின்றவரும் அவரே.

டுரானின் மூலையில் நின்றோர் ரே ஆர்சலும் பிரெடி பிரவுனும். இருவரும் முதியவர்கள், பழுத்த அனுபவசாலிகள். அவர்களிடம் ஒரு சொல்லும் கேளாமல், சுற்று முடிய இருந்த பதினாறு வினாடிகள் பொறாமல் அவர் திரும்பிவிட்டார். மூலைக்கு வந்து அமர்ந்திருந்தால் ஆர்சல் என்ன செய்திருப்பார்? தள்ளிவிட்டிருப்பார், ஐயமில்லை. அதை டுரானும் அறிவார். ஆசிரியரைக் கேட்கும் மனநிலையில் இருந்தவனுக்கு அந்தப் பதினாறு வினாடி பெரிதன்று. கேட்டால் தொடர நேரும் என்று தெரிந்தவனுக்கு அதுவே நீண்ட காலம்.

இவ்வளவு எழுதிய பின் ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. முகத்தில் அடிப்பதை நம் மார்க்கம் விலக்கியிருக்கிறது. மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹுப் பேரவை 1987இல் கூடி இக்குத்துச்சண்டை ஆகாது என்று முடிவு செய்தது. மூளை கலங்கும்வரை அடித்துக்கொள்வதை விளையாட்டென்று கொண்டாடுவதில் எனக்கும் உடன்பாடில்லை. நியூ ஆர்லியன்ஸ் நிகழ்ச்சிக்கு ஈராண்டு கழித்து, 1982 நவம்பரில், கொரிய வீரர் கிம் டுக் கூ என்பவர் ரே மன்சினியோடு பதினான்கு சுற்று நின்று வீழ்ந்து, சில நாளில் உயிரிழந்தார். அவர் விலகவில்லை, அவரை யாரும் விலக்கவுமில்லை. அதன் பின்னரே பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டன. அலிக்கு நடுக்குவாத நோய் என்று 1984இல் தெரிந்தது. அதனோடு முப்பதாண்டுக்கு மேல் வாழ்ந்து 2016இல் மறைந்தார். ‘போதும்’ என்ற சொல்லை வீரன் வாயில் இழிவாக்கி வைத்த கூட்டத்துக்கு இவற்றில் பங்கு உண்டு. டுரான் சொன்னது தவறான நேரத்தில், தவறான காரணத்துக்காக இருக்கலாம். சொல்லே குற்றமாகுமா? அன்று அவரை இகழ்ந்தோருள் ஒருவராவது கிம் இறந்த செய்தி கேட்டு அதை மறுபடி எண்ணியிருப்பாரா என்று நான் நினைத்ததுண்டு.

டுரான் அன்றிரவு இனிச் சண்டையிடேன் என்றார். அடுத்த ஆண்டே மேடைக்குத் திரும்பினார். 1983 ஜூன் 16, தம் முப்பத்திரண்டாம் பிறந்தநாளில், டேவி மூரை வென்று மூன்றாம் எடைப் பிரிவிலும் பட்டம் கொண்டார். 1989 பிப்ரவரியில் தம்மினும் உயரமும் வலிமையும் மிக்க ஐரன் பார்க்ளியை வென்று நான்காம் பட்டம். அவ்வாண்டு டிசம்பரில் லெனார்டோடு மூன்றாம் முறை நின்றார். வயது முப்பத்தெட்டு. பழைய லெனார்டே மறுபடி சுற்றினார், நழுவினார், கேலியும் காட்டினார். டுரான் அவர் முகத்தைக் கிழித்துத் தையல் போட வைத்தார்; ஆயினும் புள்ளிகளில் தெளிவாகத் தோற்றார். பன்னிரண்டாம் சுற்றின் மணி அடிக்கும்வரை மேடையில் இருந்தார்.

பல்லவர் கதைக்கும் ஒரு மூன்றாம் களம் உண்டு. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் தெற்கே வந்து காஞ்சியைக் கைப்பற்றினான். மாமல்லன் குலத்தை அழித்ததால் ‘ராஜமல்லன்’ என்று பட்டம் பூண்டதாகக் கி.பி. 674ஆம் ஆண்டின் கத்வால் செப்பேடு அறிவிக்கிறது. தந்தை முதுகில் எழுதப்பட்டதற்கு மகன் பட்டப்பெயரால் மறுமொழி எழுதினான் போலும். ஆனால் மாமல்லனின் வெற்றியைச் சொன்ன அதே கூரம் செப்பேடு, பெருவளநல்லூர்ப் போரில் இவ்விக்கிரமாதித்தன் பல இலக்கம் படையை இழந்து, கந்தல் ஒன்றைப் போர்த்திக்கொண்டு தனியே ஓடினான் என்கிறது. சாளுக்கியர் செப்பேடுகளில் அந்தக் கந்தலைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.